சிவப்புச் சட்டைச் சிறுவன் எங்கே?

ஐந்து நிமிடம். அவ்வளவுதான்.

அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு சிறுவன் மறைந்து போனான். பட்டப்பகலில் மறைந்து போனான். பெற்ற தகப்பனார் பக்கத்தில் இருக்கும்போதே மறைந்து போனான். பட்டாளம் தேடியது. ஹெலிகாப்டர்கள் தேடின. 1,400 பேர் வரை காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். அவன் போட்டிருந்த சட்டையில் ஒரு நூல் கூடக் கிடைக்கவில்லை.

இது நடந்தது 1969-ஆம் ஆண்டு, அமெரிக்காவில். இன்று வரை துப்புத் துலங்கவில்லை.

சிறுவனின் பெயர் டென்னிஸ் மார்ட்டின். வயது 6. இன்னும் ஆறு நாள் போயிருந்தால் அவனுக்கு ஏழாவது பிறந்த நாள்.

மலைக்குப் போன குடும்பம்

அமெரிக்காவில் ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை "தந்தையர் தினம்". அன்று பிள்ளைகள் அப்பாவுக்குப் பரிசு கொடுப்பார்கள். விருந்து நடக்கும். மார்ட்டின் குடும்பத்தில் வழக்கம் வேறு. அந்தச் சமயத்தில் ஆண்கள் எல்லோரும் மலைக்குப் போவார்கள். பாட்டனார், தகப்பனார், பேரப் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் ஒன்றாக நடப்பார்கள். இரவில் மலையில் தங்குவார்கள்.

அவர்களுக்குச் சொந்த ஊர் டென்னசி மாநிலத்தில் உள்ள நாக்ஸ்வில் நகரம். அதற்குத் தெற்கே ஒரு பெரிய மலைத் தொடர் இருக்கிறது. மலை மேல் எப்போதும் நீலப் புகை போல மூடுபனி படர்ந்திருக்கும். அதனால் "புகை மலை" என்று பெயர். ஆங்கிலத்தில் ஸ்மோக்கி மலை. அதைத் தேசியப் பூங்காவாக வைத்து அரசாங்கம் காப்பாற்றி வருகிறது.

பூங்கா என்றதும் ஊஞ்சலையும் பூச்செடிகளையும் நினைத்துவிட வேண்டாம். இது 5 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட காடு. கரடி உண்டு. காட்டுப் பன்றி உண்டு. பாம்பும் உண்டு. சில இடங்களில் புதர்கள் எவ்வளவு அடர்த்தி என்றால், பத்தடி தூரத்தில் நிற்கும் ஆள் கூடக் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

ஜூன் 13, வெள்ளிக்கிழமை. பாட்டனாரும் தகப்பனாரும் டென்னிஸும் அவனுடைய அண்ணனும் மலை ஏறினார்கள். ரசல் பீல்டு என்ற இடத்தில் இரவு தங்கினார்கள். மறுநாள் சனிக்கிழமை அங்கிருந்து புறப்பட்டு ஸ்பென்ஸ் பீல்டு போய்ச் சேர்ந்தார்கள்.

ஸ்பென்ஸ் பீல்டு ஒரு புல்வெளி. மலையின் உச்சியில், சுமார் 4,900 அடி உயரத்தில் இருக்கிறது. முன்காலத்தில் மலையடிவாரத்துக் குடியானவர்கள் கோடையில் மாடுகளை அங்கே ஓட்டிவந்து மேய விடுவார்கள். சுற்றிலும் காடு. நடுவில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் புல். பெரியவர்கள் உட்கார்ந்து இளைப்பாறுவதற்கும் பிள்ளைகள் ஓடி விளையாடுவதற்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது.

அங்கே இன்னொரு குடும்பமும் வந்திருந்தது. அவர்களிடமும் பையன்கள் இருந்தார்கள். பிள்ளைகள் சேர்ந்து கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

விளையாட்டு

மாலை சுமார் நாலரை மணி. பெரியவர்கள் புல்வெளியில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருந்தார்கள். பையன்கள் தலையோடு தலை சேர்த்து வைத்து ஏதோ ரகசியம் பேசினார்கள். பெரியவர்களுக்குப் புரிந்துவிட்டது. பின்பக்கமாக வந்து "பே" என்று கத்திப் பயமுறுத்தப் போகிறார்கள்! பெரியவர்கள் சிரிப்பை அடக்கிக் கொண்டு, தெரியாதது போலவே இருந்தார்கள்.

பையன்கள் பிரிந்தார்கள். மற்றப் பையன்கள் ஒரு பக்கம் போனார்கள். டென்னிஸ் மட்டும் தனியாக வேறு பக்கம் போனான். காரணம் அவனுடைய சட்டை. அவன் சிவப்புச் சட்டை போட்டிருந்தான். கூட வந்தால் சிவப்பு நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்று மற்றப் பையன்கள் நினைத்தார்கள். அதனால் அவனைத் தனியாகப் போகச் சொன்னார்கள்.

டென்னிஸ் ஒரு புதருக்குப் பின்னால் போனதைத் தகப்பனார் பார்த்தார். மகனை அவர் பார்த்தது அதுதான் கடைசி.

சிறிது நேரத்தில் மற்றப் பையன்கள் கத்திக் கொண்டு குதித்தார்கள். பெரியவர்கள் பயந்தது போல நடித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். டென்னிஸ் வரவில்லை.

இன்னும் ஒளிந்து கொண்டிருக்கிறான் என்று நினைத்தார்கள். ஐந்து நிமிடம் ஆயிற்று. தகப்பனார் எழுந்து போய்ப் பார்த்தார். புதருக்குப் பின்னால் யாரும் இல்லை. "டென்னிஸ்! டென்னிஸ்!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை.

தகப்பனார் மலைப் பாதையில் ஓடினார். மைல் கணக்கில் ஓடினார். ஆறு வயதுப் பிள்ளை அதற்கு மேல் போயிருக்க முடியாது என்ற இடம் வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தார். பாட்டனார் உதவி கேட்க மலையடிவாரத்துக்கு நடந்தார். அங்கே காவல் நிலையத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நாளில் செல்போன் ஏது?

அதற்குள் வானம் இருண்டது. இடி இடித்தது. மழை கொட்டியது. ஒரே இரவில் சுமார் 3 அங்குல மழை! ஓடைகள் எல்லாம் வெள்ளமாகப் பெருகி ஓடின. சட்டையும் அரை டிராயரும் மட்டும் போட்ட பிள்ளை அந்தக் குளிரில், அந்த இருட்டில் எங்கே இருந்தானோ! சின்னக் காலடித் தடங்கள் மண்ணில் பதிந்திருந்தால் அவற்றை அந்த மழை கழுவிக் கொண்டு போயிருக்கும்.

ஆயிரம் பேர் கால்கள்

மறுநாள் விடிந்ததும் தேடுதல் ஆரம்பமாயிற்று. பூங்காக் காவலர்கள் வந்தார்கள். அக்கம் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். சாரணர் சிறுவர்கள் வந்தார்கள். பட்டாளத்தில் "பச்சைத் தொப்பிப் படை" என்று ஒரு பிரிவு உண்டு. காட்டுச் சண்டையில் தேர்ந்தவர்கள். அவர்களும் வந்தார்கள். ஹெலிகாப்டர்கள் பறந்தன. நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது.

ஜூன் 20 வந்தது. டென்னிஸுக்கு ஏழு வயது நிறைந்தது. அன்றும் தேடிக் கொண்டிருந்தார்கள்.

தேட வந்தவர்கள் எல்லோரும் நல்ல மனம் படைத்தவர்கள். யாரோ பெற்ற பிள்ளைக்காகத் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். ஆனால் அந்த நல்ல மனமே வினையாயிற்று. ஆயிரம் பேர் நடந்தால் இரண்டாயிரம் கால்! காட்டு மண் சேறாகக் குழம்பியது. இருந்த தடயங்களும் மிதிபட்டன. ஓரிடத்தில் ஒரு பிள்ளையின் காலடித் தடம் தெரிந்தது. "தேட வந்த சாரணர் பையனுடையதாக இருக்கும்" என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். அது டென்னிஸின் காலடிதான் என்று பிற்காலத்தில் நினைத்தவர்கள் உண்டு. இப்போது யார் சொல்ல முடியும்?

தகப்பனார் 5,000 டாலர் பரிசு அறிவித்தார். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. பலன் இல்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு பெருந்தேடுதலை நிறுத்தினார்கள். சிறு அளவில் செப்டம்பர் வரை தேடிவிட்டு, அதையும் நிறுத்தினார்கள்.

இந்த ஒரு தேடுதலில் பட்ட அடியால் அமெரிக்கப் பூங்கா இலாகா தன் முறையையே மாற்றிக் கொண்டது. காட்டில் ஒருவர் காணாமல் போனால் இப்போது கூட்டத்தை உள்ளே விடமாட்டார்கள். முதலில் கடைசியாகப் பார்த்த இடத்தைச் சுற்றிக் காவல் போடுவார்கள். தடம் பார்க்கத் தெரிந்த சிலரை மட்டும் அனுப்புவார்கள். மோப்ப நாயைக் கொண்டு வருவார்கள். பிறகுதான் மற்றவர்கள்.

அந்த முரட்டு ஆள் யார்?

டென்னிஸ் வழி தவறிக் காட்டுக்குள் போய்விட்டானா? காட்டு மிருகம் தூக்கிச் சென்றதா? அல்லது யாராவது கடத்திப் போனார்களா? இந்த மூன்றில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். எது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. கடத்தப்பட்டிருக்கலாம் என்பது தகப்பனாரின் எண்ணம்.

அப்படி நினைக்க ஒரு காரணமும் இருந்தது. அதே நாள் மாலை, அதே மலையில், சில மைல் தூரத்தில் வேறொரு குடும்பம் சுற்றிப் பார்த்துக் கொண்டிருந்தது. திடீரென்று குலை நடுங்கும்படி ஓர் அலறல் அவர்கள் காதில் விழுந்தது. சற்று நேரத்தில் முரட்டுத் தோற்றமுள்ள ஓர் ஆள், மரங்களுக்கு இடையே மறைந்து மறைந்து போவதைக் கண்டார்கள். திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவனாக இருக்கும் என்று நினைத்து அவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். சிறுவன் காணாமல் போன செய்தி பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. உடனே அதிகாரிகளிடம் சொன்னார்கள்.

அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். புல்வெளி எங்கே, அந்த இடம் எங்கே? ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொண்டு அந்தக் கரடுமுரடான மலையில் அவ்வளவு தூரத்தை அந்த நேரத்துக்குள் கடப்பது நடக்கிற காரியமா? நடக்காது என்று முடிவு கட்டினார்கள். சம்பந்தம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

சம்பந்தம் இல்லாமலே இருக்கட்டும். அந்த ஆள் யார்? அவன் பெயர் என்ன? எந்த ஊர்? எதற்காக மலைக்கு வந்தான்? இவற்றில் ஒரு கேள்விக்கும் இன்று வரை பதில் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து இன்னொரு செய்தி வந்தது. 1985-ஆம் ஆண்டு ஒருவர் அதிகாரிகளிடம் வந்தார். அந்த மலையில் ஜின்செங் என்ற மூலிகை வேர் விளைகிறது. நல்ல விலை போகும். பூங்காவுக்குள் அதைத் தோண்டுவது குற்றம். இவர் திருட்டுத்தனமாகத் தோண்டப் போனவர். பல வருஷங்களுக்கு முன்பு மலையின் ஒரு பள்ளத்தாக்கில் ஒரு குழந்தையின் எலும்புகளைப் பார்த்ததாக அவர் சொன்னார். ஏன் அப்போதே சொல்லவில்லை? சொன்னால் "நீ அங்கே எதற்குப் போனாய்?" என்று கேட்பார்களே! அந்தப் பயத்தில் வாயை மூடிக் கொண்டிருந்தாராம். காவலர்கள் ஓடிப் போய்த் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

கதவு இல்லாத மலை

ஒரு வீட்டில் பொருள் காணாமல் போனால் போலீசார் முதலில் என்ன கேட்பார்கள்? "வீட்டுக்கு யார் யார் வந்தார்கள்?" என்று கேட்பார்கள். ஓட்டலில் என்றால் பதிவேட்டைப் புரட்டுவார்கள். ஸ்பென்ஸ் பீல்டில் எந்த ஏட்டைப் புரட்டுவது? மலைக்கு வாசல் கிடையாது. கதவு கிடையாது. பல பாதைகள் வழியாகப் பலர் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அந்தச் சனிக்கிழமை அங்கே இருந்தவர்கள் எல்லோருடைய பெயரும் அடங்கிய பட்டியல் ஒருவர் கையிலும் இல்லை.

அப்படியானால் முகாம் போடும் இடங்களில் எல்லாம் வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, அடையாளச் சீட்டைப் பார்த்து எழுதி வைத்தால் போதுமா? பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்களா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் வேறு இரண்டு தேசங்களில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

எழுதி வைத்த பெயர்

ஐரோப்பாவில் நெதர்லாந்து என்று ஒரு சிறு நாடு. அதன் தெற்குக் கோடியில், ஜெர்மனி எல்லையை ஒட்டி ஒரு புதர்க்காடு இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அங்கே சிறுவர்களுக்கான கோடை முகாம் நடந்தது. கூடாரங்களில் பிள்ளைகள் தூங்கினார்கள். ஆகஸ்டு 10-ந் தேதி காலையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனைக் காணவில்லை. மறுநாள் மாலை, பக்கத்துச் சவுக்கைத் தோப்பு போன்ற ஊசியிலை மரக் கூட்டத்தில் அவன் பிணமாகக் கிடந்தான்.

பிணம் கிடைத்த அன்று நள்ளிரவு. அந்தக் காட்டுப் பக்கம் ஓர் ஆள் நடந்து போனார். காவலர்கள் அவரை நிறுத்தினார்கள். பெயரைக் கேட்டார்கள். எழுதிக் கொண்டார்கள். பிறகு போலீசாரும் அவரிடம் விசாரித்தார்கள். தற்செயலாக அந்த வழியே போனதாக அவர் சொன்னார். சந்தேகம் எழவில்லை. விட்டுவிட்டார்கள்.

இருபது வருஷம் ஓடியது!

இதற்கிடையே விஞ்ஞானம் வளர்ந்தது. சிறுவனின் உடையில் ஒட்டியிருந்த அணுவளவு தடயத்திலிருந்து, அது யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் டி.என்.ஏ. சோதனை வந்தது. 2018-ஆம் ஆண்டு, அந்த வட்டாரத்தைச் சேர்ந்த 21,500 ஆண்களைச் சோதனைக்கு வரும்படி போலீசார் கேட்டுக் கொண்டார்கள். ஆயிரக் கணக்கில் வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள்; அவர்களில் ஒருவரைக் கவனியுங்கள். அவர் ஐரோப்பாவின் காடுகளில் சுற்றித் திரிகிறவர். அந்தச் சமயத்தில் "ஆளைக் காணோம்" என்று அவருடைய குடும்பமே புகார் கொடுத்திருந்தது. அவருடைய பொருள்களைச் சோதித்தார்கள். தடயம் பொருந்தியது! அவர் படத்தைப் போலீசார் வெளியிட்ட சில நாளிலேயே ஸ்பெயின் தேசத்துக் காட்டில் அவர் அகப்பட்டார்.

அவர் யார்? 1998-இல் நள்ளிரவில் காவலர்கள் நிறுத்திப் பெயர் எழுதிக் கொண்டார்களே, அதே ஆள்!

சிறுவனைக் கொல்லவில்லை என்றுதான் அவர் சாதித்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2022-இல் மேல் விசாரணைக் கோர்ட்டு அவருக்கு 16 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.

பெயர் காகிதத்தில் இருந்தது. இருபது வருஷம் இருந்தது. சிறுவனைப் பெற்றவர்கள் அந்த இருபது வருஷமும் "யார், யார்" என்று கேட்டுக் கொண்டே இருந்தார்கள்.

"உன் பெயர் என்ன?"

அடுத்தது ஆஸ்திரேலியா. இது 2021-இல் நடந்தது. மேற்குக் கடற்கரையில் கார்னார்வன் என்று ஓர் ஊர். அங்கிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில் கடலோர முகாம் ஒன்று இருக்கிறது. அக்டோபர் 15-ந் தேதி மாலை ஒரு குடும்பம் அங்கே கூடாரம் அடித்தது. கூடாரத்தில் இரண்டு அறை. ஓர் அறையில் பெற்றோர். மற்றதில் 4 வயதுச் சிறுமியும் கைக்குழந்தையும்.

நடுநிசிக்குப் பிறகு ஒன்றரை மணி சுமாருக்குச் சிறுமி எழுந்து தண்ணீர் கேட்டாள். தாயார் கொடுத்துவிட்டுப் படுத்தார். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் சிறுமியைக் காணோம். அவள் படுத்திருந்த பையையும் காணோம். கூடாரத்தின் ஜிப் திறந்து கிடந்தது. அதுவும் எவ்வளவு உயரம் வரை? சிறுமியின் கைக்கு எட்டாத உயரம் வரை!

தாயார் அலறினார். போலீசார் பறந்து வந்தார்கள். வழக்கம் போல ஊர் வாயும் திறந்தது. பெற்றவர்கள் மேலேயே பழி போட்டுப் பேசியவர்கள் எத்தனையோ பேர். பெற்ற வயிறு எரிகிறபோது அதில் எண்ணெய் ஊற்றுவதற்கு எங்கேயும் ஆள் இருக்கிறது! நல்ல வேளை, பக்கத்தில் இருந்த ஒரு கடலோரக் குடிசையில் காவல் காமிரா இருந்தது. சிறுமியின் குரல் அதில் பதிவாகியிருந்தது. அவள் அங்கே வந்தது உண்மை என்று உறுதிப்பட்டது.

அன்று இரவு முகாமில் இருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். ஒருவர் விடாமல் தேடிப் பிடித்துப் போலீசார் விசாரித்தார்கள். அரசாங்கம் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் பரிசு அறிவித்தது. சாலையோரக் குப்பைத் தொட்டிகளைக் கூடக் கொட்டிக் கிளறினார்கள். அதிகாலை மூன்று மணி சுமாருக்கு முகாம் பக்கமிருந்து ஒரு கார் கார்னார்வன் திசையில் திரும்பியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். செல்போன் தகவல்களையும் கார்களின் போக்கையும் ஒன்றோடு ஒன்று வைத்துப் பொருத்திப் பார்த்தார்கள்.

பதினெட்டாம் நாள், நவம்பர் 3-ந் தேதி. நள்ளிரவு தாண்டியிருந்தது. கார்னார்வன் ஊரில் பூட்டியிருந்த ஒரு வீட்டைப் போலீசார் உடைத்து நுழைந்தார்கள். ஓர் அறையில் சிறுமி ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். படத்தில் பார்த்த முகம்தான். ஆனாலும் உறுதி செய்ய வேண்டுமே! ஓர் அதிகாரி அவளைத் தூக்கிக் கொண்டார். "உன் பெயர் என்ன?" என்று கேட்டார். அவள் பேசவில்லை. மறுபடியும் கேட்டார். பேசவில்லை. மூன்றாம் முறை கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள்.

முரட்டுப் போலீஸ்காரர்களும் அப்போது கண் கலங்கினார்கள்.

கடத்தியவன் குற்றத்தை ஒப்புக் கொண்டான். 2023-ஆம் ஆண்டு 13 வருஷம் 6 மாதம் சிறைத் தண்டனை பெற்றான். அவன் முகாமில் தங்கியவன் அல்ல. குடும்பத்துக்குத் தெரிந்தவனும் அல்ல. ஊரிலிருந்து இரவில் காரில் வந்து, சிறுமியைத் தூக்கிக் கொண்டு போனவன். முகாமில் தங்கியவர்களின் பெயரை எவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்திருந்தாலும் அவன் பெயர் அதில் இருந்திருக்காது!

ஆனாலும் அந்தப் பட்டியல் வீண் என்று சொல்லிவிட முடியாது. கூடாரத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துக் கழித்த பிறகுதானே, மிச்சமிருக்கும் கார் யாருடையது என்ற கேள்வி கூர்மையாயிற்று?

சட்டத்தில் ஒரு வேடிக்கை

ஐரோப்பாவில் பல நாடுகள் சேர்ந்து "ஷெங்கன்" ஒப்பந்தம் என்று ஒன்று செய்து கொண்டன. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எல்லைச் சோதனை இல்லாமல் போய் வருவதற்கான ஏற்பாடு அது. 1990-இல் அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்ற விதிகள் எழுதினார்கள். அதில் 45-வது விதி விடுதிகளைப் பற்றியது. வந்து தங்கும் வெளிநாட்டார் தாமே படிவம் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட வேண்டும். அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும். கட்டடங்களுக்கு மட்டும் அல்ல. வாடகைக்குக் கிடைக்கும் கூடாரம், வீட்டு வண்டி, படகு எல்லாவற்றுக்கும் இதே விதி. எதற்காக இந்தப் படிவம்? குற்றத்தைக் கண்டுபிடிக்க. அதோடு, காணாமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று துலக்க. அப்படியே விதியில் எழுதியிருக்கிறது.

வேடிக்கை எங்கே என்றால், அதே விதியில் ஒரு விலக்கும் இருக்கிறது. உடன் வரும் மனைவி அல்லது கணவன் படிவம் எழுத வேண்டியதில்லை. உடன் வரும் சிறு பிள்ளைகளுக்கும் வேண்டியதில்லை. அப்பன் பெயர் இருந்தால் போதும். காணாமல் போகிறவர்களைக் கண்டுபிடிக்க ஓர் ஏடு. எளிதில் காணாமல் போகக் கூடிய பிள்ளையின் பெயருக்கு அதில் இடம் கட்டாயம் இல்லை!

நாட்டுக்கு நாடு நடைமுறையும் வேறு. இத்தாலியில் கூடார முகாம் நடத்துகிறவர் கூட, தங்க வந்தவர்களின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசாருக்கு அனுப்ப வேண்டும். ஜெர்மனியில் நேர்மாறு. 2025 ஜனவரி முதல், சொந்த நாட்டார் விடுதியில் தங்கினால் படிவமே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். குடிமக்களுக்குத் தொந்தரவு என்பது காரணம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு நாள் கூடாரத்தில் படுப்பதற்குக் குலம் கோத்திரம் எல்லாம் கேட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஸ்பெயின் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2024 டிசம்பரில் அங்கே புதிய விதிகள் முழுதாக அமலுக்கு வந்தன. முகாம்களுக்கும் அவை உண்டு. பயணிகளில் சிறு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்குக் கூட வந்தவர் என்ன உறவு என்று எழுத வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்காகப் பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். கூடத் தங்குகிறவர் தகப்பனாரா, மாமனா, அன்னியனா? கேட்க வேண்டிய கேள்வி இதுதானே! ஆனால் விடுதிக்காரர்கள், "இவ்வளவு விவரத்தையும் நாங்கள் எழுதிக் கொண்டிருந்தால் வேலை செய்வது எப்போது?" என்று சத்தம் போடுகிறார்கள். நெதர்லாந்துக்காரர்களைக் கேட்டால் எழுதுவதோடு வேலை முடிவதில்லை என்று சொல்வார்கள்.

இன்று அந்தப் புல்வெளி

ஸ்பென்ஸ் பீல்டு இன்றும் இருக்கிறது. புல்லும் காடும் மூடுபனியும் இருக்கின்றன. பாதையோரம் தங்குமிடம் ஒன்று உண்டு. டென்னிஸ் கடைசி இரவு தூங்கிய ரசல் பீல்டிலும் ஒன்று உண்டு. இரண்டு இடத்திலும் இப்போது நினைத்தபோது போய்ப் படுத்துவிட முடியாது. எந்த இரவு எங்கே தங்கப் போகிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

காரில் வருகிறவர்கள் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் விதி வந்தது. சீட்டில் கார் நம்பர் இருக்கும். ஆள் பெயர் கேட்பதில்லை. காலையில் வந்து மாலையில் திரும்புகிற நடைக்காரர்களை யாரும் நிறுத்திப் பெயர் எழுதுவதும் இல்லை. 2023-இல் மட்டும் அந்தப் பூங்காவுக்கு வந்த எண்ணிக்கை 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல்! யார் எழுதுவது?

டென்னிஸ் இருந்தால் இன்று அறுபது வயதைத் தாண்டியிருப்பான். ஒரு வேளை அவனுக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். பூங்கா இலாகாவில் அவனுடைய வழக்குக்கு இன்னும் முடிவு எழுதவில்லை. சிவப்புச் சட்டை, கரும்பச்சை அரை டிராயர், வெள்ளைக் காலுறை என்று அவனைப் பற்றி எழுதி வைத்த அடையாளங்கள் மட்டும் மாறாமல் இருக்கின்றன.